மூன்று மீட்டர் ஆழத்து ஏரி

ஹங்கேரியின் மேற்குப் பகுதியிலுள்ள பாலட்டோன் ஏரியின் நீளம் 77 கிலோமீட்டர். பரப்பு ஏறத்தாழ 594 சதுர கிலோமீட்டர். நடு ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய ஏரி கிடையாது. ஆனால் இதன் சராசரி ஆழம் 3.2 மீட்டர்தான். வடகரையிலிருந்து திஹான் தீபகற்பம் நீண்டு வந்து ஏரியின் இடுப்பை நெருக்குகிற இடத்தில் மட்டும் ஆழம் 12 மீட்டரை எட்டுகிறது. நன்கு வளர்ந்த தென்னை மரம் ஒன்றை இந்த ஏரியின் எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதன் தலை தண்ணீருக்கு மேல் தெரியும்.

இந்த ஏரியின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த ஆழக் குறைவிலிருந்தே பிறக்கின்றன. ஆழமில்லாத நீர் விரைவில் சூடேறும்; கோடையில் 25 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். தென்கரையில் சில இடங்களில் 500 மீட்டர் உள்ளே நடந்தாலும் நீர் மார்பைத் தாண்டாது. கடற்கரை இல்லாத ஹங்கேரியில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் இங்கே குவிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில், சுவருக்கு இப்பாலும் அப்பாலும் சிக்கிய உறவினர்கள் விடுமுறை என்ற பெயரில் சந்தித்துக்கொண்ட இடமும் இதுதான். வடகரையிலுள்ள பாலட்டோன்ஃபியூரெட் நகரம் இதய நோய்ச் சிகிச்சைக்குப் பெயர்பெற்றது. 1926இல் அங்கே சிகிச்சைக்குத் தங்கிய ரவீந்திரநாத் தாகூர் கரையில் ஒரு மரம் நட்டார். கரையோர நடைபாதை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஏரியின் நிறம் வெளிர்நீலமும் பாலும் கலந்தது போன்றது. சுற்றுவட்டாரச் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து கரைந்து வரும் கால்சியம், ஏரியில் மிக நுண்ணிய கால்சைட் துகள்களாகப் படிகிறது. காற்று வீசும்போதெல்லாம் அந்தத் துகள்கள் மேலெழுந்து நீரைக் கலக்கிவிடுகின்றன. ஆகவே பாலட்டோன் மிகத் தூய்மையாக இருக்கும் நாளிலும் அதன் அடி தெரிவதில்லை. கலங்கல் வேறு, மாசு வேறு. கண்ணால் பார்த்து ஏரியை எடைபோடுகிறவர்கள் முதலில் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஏரிக்கு நீர் தரும் முதன்மையான ஆறு ஸாலா. அது தென்மேற்கு மூலையில், கெஸ்ட்ஹேய் விரிகுடாவில் கலக்கிறது. நீர் வெளியேறும் வழி எதிர்முனையில், ஷியோஃபோக் நகரில் தொடங்கும் ஷியோ கால்வாய். அது டான்யூபில் போய்ச் சேரும். 1861இல் தென்கரையை ஒட்டி ரயில் பாதை போடப்பட்டது. அலைகள் தண்டவாளத்தை அரிக்காமலிருக்க ஏரியின் மட்டத்தைத் தாழ்த்த வேண்டியிருந்தது. 1863இல் ஷியோவில் மதகு கட்டினார்கள். அன்றிலிருந்து ஏரியின் உயரத்தைத் தீர்மானிப்பதில் மழைக்கு ஈடாக மதகைத் திறக்கும் கைகளுக்கும் பங்கு உண்டு.

நுழைவாய் ஒரு மூலையில், வடிகால் எதிர்மூலையில் என்ற இந்த அமைப்பு முக்கியமானது. ஸாலா கொண்டுவருவதை முதலில் வாங்கிக்கொள்வது சிறிய, ஆழமற்ற கெஸ்ட்ஹேய் விரிகுடா. அங்கிருந்து நீர் கிழக்கே நகர்ந்து வெளியேற ஆண்டுக்கணக்கில் ஆகும். அதனால் ஒரே ஏரியின் மேற்கு முனை பச்சையாகவும் கிழக்கு முனை தெளிவாகவும் இருக்க முடியும். பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது.

முன்பெல்லாம் ஸாலா ஆறு ஏரியில் நேரடியாக விழுந்ததில்லை. கழிமுகத்தில் கிஷ் பாலட்டோன், அதாவது சின்ன பாலட்டோன் என்ற பரந்த சதுப்பு இருந்தது. ஆற்று நீர் அங்கே நாணல்களுக்கிடையே வேகம் தணிந்து, வண்டலை இறக்கிவிட்டு, பிறகே ஏரிக்குள் வந்தது. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் விளைநிலம் வேண்டி அந்தச் சதுப்பை வடித்தார்கள். வாய்க்கால் வெட்டி ஆற்றை நேராக விரிகுடாவில் கொண்டுபோய் விட்டார்கள். நிலம் எதிர்பார்த்த அளவுக்கு விளையவில்லை என்பது ஒருபுறம். ஏரியின் வடிகட்டி தொலைந்தது என்பதுதான் நீண்டகால நட்டம். அதன் விலை அரை நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது.

1960களில் ஹங்கேரியின் கூட்டுப்பண்ணைகள் ரசாயன உரத்தைத் தாராளமாகக் கொட்டத் தொடங்கின. நகரங்களில் கழிவுநீர்க் குழாய்கள் வந்தன. துணி துவைக்கும் தூள்களில் பாஸ்பேட் கலந்தது. கரையில் விடுதிகளும் கோடை வீடுகளும் பெருகின. இவை எல்லாவற்றின் கழிவும் ஒரே பொருளை ஏரிக்கு அனுப்பியது: பாஸ்பரஸ்.

நன்னீர்ப் பாசிகளின் வளர்ச்சியைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது பாஸ்பரஸ்தான். கார்பனை அவை காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் பெற்றுக்கொள்ளும். நைட்ரஜன் தட்டுப்பட்டால் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனையே பிடித்துப் பயன்படுத்தும். பாஸ்பரஸுக்கு அப்படிக் காற்று வழி கிடையாது. பாசியின் உலர் எடையில் பாஸ்பரஸ் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். அப்படியானால் ஒரு கிராம் பாஸ்பரஸ் நூறு கிராம் உலர் பாசியை உருவாக்கப் போதும். ஈரத்தோடு எடைபோட்டால் இன்னும் பல மடங்கு.

ஆழமான ஏரி இந்தச் சுமையை ஓரளவு மறைத்துவிடும். அங்கே கோடையில் சூடான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் தனித்தனி அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும். இறந்த பாசி அடியில் இறங்கினால் அதிலுள்ள பாஸ்பரஸ் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். மூன்று மீட்டர் ஏரிக்கு அந்த வசதி இல்லை. ஒரு பலத்த காற்று போதும். அடி வண்டல் வரை நீர் கலங்கி, சேமிப்பில் போனது மறுபடியும் புழக்கத்துக்கு வந்துவிடும். வெளியிலிருந்து வரும் வரத்து நின்ற பிறகும் ஏரி தன் சொந்த வண்டலிலிருந்தே பல ஆண்டுகள் பாசிக்குத் தீனி போடும்.

1970களின் இறுதியில் பாலட்டோனில் ஒரு விருந்தாளி நிலைபெற்றது. சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் ரசிபோர்ஸ்கி என்ற நீலப்பச்சைப் பாசி அது. அண்மைக்காலத்தில் அதை ராஃபிடியாப்சிஸ் என்ற பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள். பாசி என்று வழக்கில் சொன்னாலும் இது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. சயனோபாக்டீரியா என்பதே சரியான வகைப்பெயர். வெப்பமண்டலத்துக்குப் பழகிய இந்த இனம் வெதுவெதுப்பான நீரை விரும்பும், மங்கிய ஒளியிலும் வளரும், நைட்ரஜனைக் காற்றிலிருந்து எடுக்கும். கலங்கலான, சூடான, பாஸ்பரஸ் மிகுந்த பாலட்டோன் அதற்கென்றே செய்தது போலிருந்தது. 1982 கோடையில் அது பெருகிக் கெஸ்ட்ஹேய் விரிகுடாவை நிறைத்தது.

பாசியின் அளவை நீரிலுள்ள பச்சையத்தைக் கொண்டு கணக்கிடுவார்கள். 1982இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓ.இ.சி.டி.) வகுத்த அளவுகோலின்படி ஒரு லிட்டரில் பச்சையத்தின் உச்சம் 75 மைக்ரோகிராமைத் தாண்டினால் அந்த ஏரி மிகையூட்டத்தின் கடைசிப் படியில் நிற்கிறது. கெஸ்ட்ஹேய் விரிகுடாவில் 1980களின் கோடை உச்சங்கள் 200 மைக்ரோகிராம் வரை போயின. 1994இல் வந்த பெருக்கம் கிழக்கு முனை வரை ஏரி முழுவதையும் தொட்டது.

இடையில் நடந்த சில வைத்தியங்கள் நோயைவிட விநோதமானவை. பாசியைத் தின்னும் என்று நம்பி 1970களில் ஆசியாவின் வெள்ளிக்கெண்டையை ஏரியில் விட்டார்கள். அது வடிகட்டி உண்ணும் மீன். பாசியோடு பாசியை மேயும் நுண்விலங்குகளையும் சேர்த்து விழுங்கிவிடும். பாசி குறையவில்லை. மீன்கள் மட்டும் பெருத்து ஏரியில் தங்கின. வணிகத்துக்காக 1961 முதல் விடப்பட்ட விலாங்குகளின் கதை இன்னும் மோசம். 1991 கோடையில், பயணிகள் நிறைந்திருந்த கரைகளில், நூற்றுக்கணக்கான டன் விலாங்குகள் செத்து மிதந்தன. அவற்றின் காற்றுப்பைகளை ஓர் ஒட்டுண்ணிப் புழு துளைத்திருந்தது. கொசுவொத்த பூச்சிகளை ஒழிக்கத் தெளித்த மருந்தின் மீதும் சந்தேகம் விழுந்தது. விலாங்கு விடுவது அதோடு நின்றது.

உருப்படியான வேலை 1983இல் அரசு எடுத்த முடிவிலிருந்து தொடங்கியது. கரையோர ஊர்களின் கழிவுநீரைச் சுத்திகரித்தபின், ஏரிக்குள் விடாமல் குழாய் வழியாக அதன் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு வெளியே கொண்டுபோனார்கள். ஸாலாவின் மேல்பகுதியிலுள்ள பெரிய நகரமான ஸாலாஎகர்செக்கின் சுத்திகரிப்பு நிலையத்தில் 1991 முதல் பாஸ்பரஸை ரசாயன முறையில் படியவைத்துப் பிரித்தார்கள். இழந்த சதுப்பை மீட்கும் திட்டமும் ஆரம்பித்தது. அதன் முதல் கட்டமாக 1985இல் 18 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஹீத்வேகி நீர்த்தேக்கம் நிரப்பப்பட்டது.

அந்த முதல் கட்டம் வேலை செய்த விதம் கவனிக்கத்தக்கது. அது நாணற்காடாக அல்ல, ஒரு பாசிக்குளமாகத்தான் பயன்பட்டது. ஆற்று நீர் அங்கே தேங்கியதும் பாசி வளர்ந்து பாஸ்பரஸை உறிஞ்சியது. இறந்தபின் அதோடு அடியில் படிந்தது. கீழே உள்ள ஏரி தெளிய மேலே ஒரு குளத்தைப் பச்சையாக்கினார்கள். இரண்டாம் கட்டம் அவ்வளவு எளிதாக அமையவில்லை. 1992இல் அதன் ஒரு பகுதியில் நீர் விட்டபோது, முதல் குளத்திலிருந்து வந்த பாசி நாணல் நிழலில் வெளிச்சமின்றி மடிந்து அழுகி, பிடித்த பாஸ்பேட்டைத் திரும்ப விட்டது. நாணலிலும் ஒரு பகுதி நீர் நின்று பட்டுப்போனது. மிச்சப் பகுதியை முடிக்க மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சதுப்பு என்றால் எப்போதும் வடிகட்டிதான் என்ற நம்பிக்கை கொஞ்சம் அவசரமானது.

ஏரிக்கு மிகப் பெரிய உதவி எந்தத் திட்டத்திலும் இல்லாதது. 1990ஐ ஒட்டி ஆட்சிமுறை மாறியதும் கூட்டுப்பண்ணைகள் சரிந்தன. உரம் வாங்கக் காசில்லாமல் அதன் பயன்பாடு சட்டென்று விழுந்தது. எல்லாம் சேர்ந்து ஏரிக்கு வரும் பாஸ்பரஸ் பாதிக்கும் மேல் குறைந்தது. 1990களின் பின்பாதியில் நீர் தெளியத் தொடங்கியது. வண்டலிலிருந்து பாஸ்பரஸ் பல பத்தாண்டுகள் கசியும் என்று பலர் அஞ்சியதைவிட மீட்சி வேகமாக வந்ததற்கு அதே கால்சைட் துணை நின்றது. சுண்ணாம்பு வண்டல் பாஸ்பேட்டை இறுகப் பிடித்துவைக்கும். 2000 தொடங்கிச் சில ஆண்டுகள் கடும் வறட்சி. ஷியோ மதகைத் திறக்கவே வழியில்லாதபடி மட்டம் இறங்கியது. குளிக்க வந்தவர்கள் வழக்கத்தைவிட நெடுந்தூரம் சேற்றில் நடந்தார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் பாசி பெருகவில்லை. ஆறு வற்றினால் அது சுமந்து வரும் ஊட்டமும் வற்றும்.

பிறகு 2019 வந்தது. அந்தக் கோடையின் முடிவில் கெஸ்ட்ஹேய் பக்கம் பச்சையம் லிட்டருக்கு 300 மைக்ரோகிராமை ஒட்டி ஏறியது. 1980களின் உச்சங்களையும் மிஞ்சிய அளவு அது. வெளியிலிருந்து பாஸ்பரஸ் வரத்து கூடியிருக்கவில்லை. ஆய்வாளர்கள் சுட்டிய காரணம் வானிலை. வெயிலும் காற்றின்மையும் நாள்கணக்கில் நீடித்தபோது, இந்த ஆழமற்ற ஏரியிலும் தற்காலிகமாக நீர் அடுக்குகள் பிரிந்தன. அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தது. இரும்போடு பிணைந்து வண்டலில் கிடந்த பாஸ்பேட் விடுபட்டது. காற்றே கலக்கிக் கெடுக்கிறது என்று அறியப்பட்ட ஏரியில் காற்று நின்றதும் கேடாக முடிந்தது. அந்தப் பெருக்கத்தில் இரண்டு உயிர்கள் மேலோங்கின. செராட்டியம் என்ற கசையுயிரி நீரைப் பழுப்பாக்கினாலும் தீங்கற்றது. அபனிசோமெனான் என்ற மற்றது நீலப்பச்சைப் பாசி. அதனால் குளிப்பவர்களுக்கு ஆபத்து உண்டா என்ற கேள்வி எழுந்தது.

அந்தக் கேள்விக்கு ஒற்றை அளவீட்டில் பதில் கிடைப்பதில்லை. ஊட்டமிகுந்த நீர் என்பதும் குளிக்கத் தகாத நீர் என்பதும் ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டுக் குளியல்நீர் விதிகள் பாசியையோ பாஸ்பரஸையோ கொண்டு தரம் பிரிப்பதில்லை. மலக் கலப்பைக் காட்டும் இரு பாக்டீரியாக்களை எண்ணுகின்றன. உள்நாட்டு நீர்நிலையில் 100 மில்லிலிட்டருக்கு இ.கோலி 500க்கும் குடல்வாழ் என்டரோகாக்கஸ் 200க்கும் மிகாதிருந்தால் ‘மிகச் சிறப்பு’. 1000க்கும் 400க்கும் மிகாதிருந்தால் ‘நன்று’. ஒரு நாள் மாதிரியை வைத்து இதை முடிவு செய்வதில்லை. நான்கு பருவங்களின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஏரிக்கரையில் தொங்கும் ‘மிகச் சிறப்பு’ பலகை, மலக்கழிவு கலக்கவில்லை என்பதற்குச் சான்று. நீர் பச்சையாக இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

இந்த எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. பாக்டீரியாவை வளர்த்து எண்ண ஒரு நாளாவது ஆகும். முடிவு கைக்கு வரும்போது அது நேற்றைய நீரைப் பற்றிய செய்தி. பெருமழையில் தெருக்கழிவும் வயல்நீரும் அடித்து வரும்போது எண்ணிக்கை சில மணி நேரத்தில் எகிறும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பட்டு ஓரிரு நாளில் தணியும். மழை பெய்த மறுநாள் குளிக்காமலிருப்பது ஆய்வகத்தைவிட வேகமான தடுப்பு. கூட்டம் மொய்க்கும் ஆழமற்ற கரைகளில் மனிதர்களே ஒரு மாசு மூலம். குழந்தைகள் கிளறும் கரைமணலில் பாக்டீரியா நீரில் இருப்பதைவிட அதிகநாள் தங்கும்.

நீலப்பச்சைப் பாசிக்கு அளவுகள் வேறு. அதன் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டினையும், சில நரம்பைத் தாக்கும் நஞ்சுகளையும் உண்டாக்கும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் குளியல் நீரில் மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு 24 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. இந்த எண்ணை வகுக்கும்போது மனத்தில் வைத்தது ஒரு பெரிய நீச்சல்காரரை அல்ல. 15 கிலோ எடையுள்ள, விளையாடும்போது கால் லிட்டர் நீரை விழுங்கிவிடக்கூடிய ஒரு குழந்தையை. ஆழமற்ற ஏரியின் வாடிக்கையாளர் யார் என்பதை வைத்துப் பார்த்தால் அது சரியான தேர்வு.

பாலட்டோனை ஆட்டிவைத்த சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸுக்கு வேறொரு கண்டத்தில் கெட்ட பெயர் உண்டு. 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், குடிநீர் அணையில் பெருகிய பாசியைக் கொல்ல மயில்துத்தம் போட்டார்கள். செத்த பாசியிலிருந்து நஞ்சு நீரில் கலந்தது. 148 பேர் கல்லீரல் பாதிப்போடு நோயுற்றார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அந்த நஞ்சுக்கு இந்த இனத்தின் பெயரிலிருந்தே பெயர் வந்தது. ஐரோப்பாவில் சோதித்த வகைகளில் அது காணப்படவில்லை என்பது பாலட்டோனின் நல்வாய்ப்பு. ஒரே இனம் ஓரிடத்தில் நஞ்சு, மற்றோரிடத்தில் வெறும் பச்சை நீர். ஆகவே பாசியின் பெயரைத் தெரிந்துகொள்வது மட்டும் போதாது. நஞ்சையே அளக்க வேண்டியிருக்கிறது.

குளிப்பவர் கையில் ஆய்வகம் இருக்காது. முழங்கால் அளவு நீரில் நின்று தன் பாதம் தெரிகிறதா என்று பார்ப்பது பாசி மிகுந்த ஏரிகளுக்குச் சொல்லப்படும் எளிய சோதனை. கால்சைட் கலங்கலால் காற்றடிக்கும் நாளில் பாலட்டோனில் இது வீண் அச்சம் தரும். பச்சைச் சாயல் இருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உண்மையான ஆபத்து மிதக்கும் பாசிப் படலத்தில்தான். பல நீலப்பச்சைப் பாசிகளின் உயிரணுக்களில் வாயு நிரம்பிய நுண்பைகள் உண்டு. அமைதியான காலையில் அவை மேலே மிதந்துவர, மெல்லிய காற்று அவற்றை ஒரு கரைக்கு ஒதுக்கும். நடு ஏரியில் தாங்கக்கூடிய அடர்த்தி, கரையில் பச்சைச் சாயம் கொட்டியது போல ஆயிரம் மடங்கு செறிந்துவிடும். அந்த ஓரத்தில்தான் சிறு குழந்தைகள் உட்கார்ந்து விளையாடும். நாய்கள் நீர் குடிக்கும், பிறகு மேலில் ஒட்டியதை நக்கும். காலையில் மோசமாக இருந்த கரை மாலையில் காற்று திரும்பியதும் சுத்தமாகவும் ஆகலாம். வாரம் ஒரு முறை எடுக்கும் மாதிரியால் இதைப் பிடிக்க முடியாது.

நோய் என்று சொல்ல முடியாத ஒரு தொல்லை குளிப்பவர் அரிப்பு. நீர்ப்பறவைகளின் ஒட்டுண்ணிப் புழு நத்தைகளில் வளர்ந்து, வாத்து என்று நினைத்து மனிதத் தோலைத் துளைக்கும். உள்ளே போன சிறிது நேரத்தில் செத்துவிடும். மிச்சம் சில நாள் அரிப்பும் தடிப்பும். செடி அடர்ந்த, சூடான ஓரங்களைத் தவிர்ப்பதும், வெளியே வந்தவுடன் துவட்டிக்கொள்வதும் போதும்.

பாலட்டோனில் உயிர்களைப் பறிப்பது பாசியோ பாக்டீரியாவோ அல்ல, காற்று. வடமேற்கிலிருந்து வரும் காற்று வடகரைக்குப் பின்னாலுள்ள பகோனி மலைகளைத் தாண்டி ஏரியில் இறங்குகிறது. வடகரையில் நிற்பவருக்கு மலையின் மறைவில் நீர் அமைதியாகத் தெரியும். காற்றுமெத்தையில் படுத்தபடி சிறிது உள்ளே போனதும் காற்று அதைப் பிடித்துக்கொண்டு தென்கரை நோக்கித் தள்ளும். ஆழமற்ற நீரில் அலைகள் நீண்டு உருளாமல் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வரும். நீந்துபவர் மூச்சு வாங்க இடைவெளி கிடைக்காது. காற்று ஏரியின் நீளவாக்கில் அடித்தால் நீரே ஒரு முனைக்கு ஒதுங்கி, எதிர்முனையில் மட்டம் இறங்கும். ஆழமில்லை என்ற எண்ணம் இன்னொரு விபத்துக்கும் வழி செய்கிறது: தலைகீழாகப் பாய்பவர்கள் ஒரு மீட்டர் நீரில் கழுத்தெலும்பை முறித்துக்கொள்கிறார்கள்.

இந்தக் காற்றுக்காக 1934 முதல் ஏரியில் புயல் எச்சரிக்கைச் சேவை இயங்குகிறது. கரை முழுக்க நிறுத்தப்பட்ட கம்பங்களில் விளக்குகள் ஒளிரும். நிமிடத்துக்கு 45 முறை மின்னினால் முதல் நிலை: மணிக்கு 40 முதல் 60 கிலோமீட்டர் காற்று எதிர்பார்க்கப்படுகிறது, கரையிலிருந்து 500 மீட்டருக்குள் மட்டுமே நீந்தலாம். 90 முறை மின்னினால் இரண்டாம் நிலை: காற்று 60 கிலோமீட்டரைத் தாண்டும், நீரில் இறங்கவே தடை. இந்த விளக்குகள் எரியும்போது வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். காற்றுமுகம் வந்து சேர்வதற்கு முன்பே அவை எரிய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆண்டுதோறும் ரேவ்ஃபியூலப்பிலிருந்து பாலட்டோன்போக்லாருக்கு 5.2 கிலோமீட்டர் நீந்திக் கடக்கும் பெருநீச்சலில் ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்கிறார்கள்; முன்னறிவிப்பில் காற்று தென்பட்டால் அதன் தேதியைத் தள்ளிவைத்துவிடுவார்கள்.